மெனு பிரெஞ்சு போதாது

ஓட்டல் மேலாண்மைப் படிப்பில் பிரெஞ்சு வெகுகாலமாகவே ஒரு பாடம். சாஸ் வகைகளின் பெயர், சமையலறைப் பதவிகளின் பெயர், நாலு வணக்க வார்த்தை, கடைசியில் ஓர் எழுத்துத் தேர்வு. வேலைக்குப் போனதும் நிலைமை வேறு. "இதில் வேர்க்கடலை இருக்கிறதா, எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று விருந்தினர் பதறிக் கேட்கும்போது, புரியாமல் தலையாட்டிய ஊழியரால் ஓர் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் சுற்றுலா, ஓட்டல் வேலைக்கான மொழி வகுப்பு காதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். முதலில் கேட்டுப் புரிந்துகொள்ளுதல், அடுத்து திருப்பிக் கேட்டு உறுதி செய்தல். இலக்கணமும் எழுத்தும் பின்னால் வரட்டும்.

"ஆங்கிலம் போதுமே, இல்லாவிட்டால் கைப்பேசி மொழிபெயர்க்குமே" என்பார்கள். அன்றாட வேலைகள் பலவற்றுக்கு அது உண்மைதான். ஆனால் கப்பல் வேலையை எண்ணிப் பாருங்கள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா சொகுசுக் கப்பல் புறப்பட்ட பிறகு, துறைமுகத்தை ஒட்டி வாழும் வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கப்பல் வேலை தூரத்துக் கனவு அல்ல. கடலோடிகளின் பயிற்சிக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. பன்னாட்டு விதிகளின்படி, பயணிகள் கப்பலில் ஆபத்து வேளையில் பயணிகளுக்கு உதவ நியமிக்கப்பட்டவர்கள், அந்தப் பயணத்தில் முக்கியமாக எந்த நாட்டார் இருக்கிறார்களோ அவர்கள் மொழியையும் கருத்தில் கொண்டு தகவல் சொல்லத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். எளிய ஆங்கிலமும் சைகையும்கூட அந்த விதியில் உண்டு. அபாய மணி அடிக்கும்போது, உயிர்காப்பு அங்கியை மாட்டிவிடும் இரண்டு கைக்கும் வேலை இருக்கும்; கைப்பேசியை நீட்டி நிற்க முடியாது.

வேலைக்கு வேண்டிய சில வாக்கியங்களை மட்டும் கற்பிப்பது பிள்ளைகளைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. ஆகும், அதோடு நிறுத்திவிட்டால். வேலைப் பேச்சில் தொடங்கி, மொழித்திறனை அளக்கும் பன்னாட்டு அளவுகோலின் தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 சான்றிதழ் வரை வழி திறந்திருந்தால் அதே வகுப்பு படிக்கட்டாகும். சிக்கல் தூரத்தில்தான். பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸும் ஜெர்மன் கற்பிக்கும் கதே நிறுவனமும் இருப்பது நுங்கம்பாக்கத்தில். எண்ணூர்ப் பெண் ஒருத்தி மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, சாலையைக் கடந்து பார்க் நிலையம் போய், அடுத்த ரயில் பிடிக்க வேண்டும். வகுப்பு முடிந்து இரவில் அதே வழியே திரும்பவும் வேண்டும். பாடக் கட்டணம் வேறு. ஆர்வம் இல்லை என்று அவளைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

மாலையில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளி அறை ஒன்று போதும். ராயபுரத்தில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று என்று தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தின் கீழ் பேச்சு வகுப்பைத் தொடங்குங்கள். தேர்வையும் வாய்மொழியாகவே வையுங்கள்.