கேட்டு வாங்குவது தப்பெண்ணமாகுமா?



அக்கரைப்பற்றில் வசித்துக்கொண்டு, தம்பிலுவில் பாடசாலையொன்றுக்குத் தினமும் காரில் சென்று கற்பிக்கும் சகோதரி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். வீட்டில் இருப்பது 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா ஹைபிரிட் கார். ஒயில் மாற்றப் போனால், "எங்கட ஊர்ச் சூட்டுக்குத் தண்ணி மாதிரி ஒயில் சரிவராது, தடிப்பானதுதான் நல்லது" என்று கராஜில் சொல்கிறார்களாம். "எந்த ஒயில் சரி? கேனைக் காட்டுங்கள் என்று கேட்டால் அது ஒரு முஸ்லிமைப் பற்றித் தப்பெண்ணம் கொண்ட பாவமாகுமா?" என்று கேட்கிறார்.

மார்க்கப் பக்கத்தில் எஞ்சின் ஒயிலா என்று சிலர் நினைக்கலாம். கணவர் வெயிலில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய வாகனம் மனைவியின் கையிலுள்ள அமானிதம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் விலை எங்கே போனதென்று எல்லோருக்கும் தெரியும். இருக்கும் காரைப் பேணுவது குடும்பத்தின் பொருளைப் பேணுவதாகும்.

எண்கள் சொல்வதென்ன?

ஒயில் கேனில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று எழுதியிருக்கும். முதல் எண், குளிர்ந்த நிலையில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் காட்டும். எண் குறையக் குறைய ஓட்டம் கூடும். இரண்டாவது எண், 100 பாகை செல்சியஸ் சூட்டில் அதன் தடிப்பைக் காட்டும்.

ஹைபிரிட் காரில் எஞ்சின் எப்போதும் இயங்குவதில்லை. சந்தியில் நிற்கும், மெதுவாகப் போகும்போது பற்றரி இழுக்கும், மேட்டில் ஏறும்போது எஞ்சின் மீண்டும் எழும்பும். ஒரே பயணத்தில் பல தடவை நின்று நின்று எழும்பும் எஞ்சினுக்கு, எழும்பிய கணமே எல்லா மூலைக்கும் ஓடிச் சேரும் ஒயில் வேண்டும். ஆகவேதான் அக்வா, பிரியஸ், ஹொண்டா ஃபிட் போன்றவற்றுக்கு 0டபிள்யூ-20 பொருத்தமென்று தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். புதிய மாதிரிகள் சிலவற்றுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-8 கூட உண்டு.

ஊர்ச் சூடு பற்றிய பேச்சு பழைய டீசல் வான்களின் காலத்து அனுபவம். ஓடிச் சூடேறிய எஞ்சினின் வெப்பத்தை, ரேடியேற்றரும் அதன் வால்வும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கின்றன. ஜப்பானிலும் திருக்கோவிலிலும் அது பெரிதாக வேறுபடாது. 20டபிள்யூ-50ஐ ஒரு தடவை ஊற்றியதால் எஞ்சின் உடனே உடைந்துவிடாது. ஆனால் பெற்றோல் கூடச் செல்லும், தொடர்ந்து ஊற்றினால் தேய்மானமும் கூடும். பெற்றோலை மிச்சம்பிடிக்கவே ஹைபிரிட் வாங்கினோம். அதைத் தடித்த ஒயிலால் இழப்பது வீண்விரயமல்லவா?

யாரிடம் கேட்பது?

அறியாததை அறிந்தவரிடம் கேட்கும்படி அல்குர்ஆன் நமக்குக் கற்பிக்கிறது. இங்கே அறிந்தவர், வாகனத்தைச் செய்தவர். நம் கார்களின் கையேடு பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் இருக்கும். ஆயினும் ஒயில் எண்ணை ஆங்கில எழுத்தில்தான் அச்சிட்டிருப்பார்கள். பொனட்டைத் திறந்தால் ஒயில் ஊற்றும் வாயின் மூடியிலும் பல கார்களில் அந்த எண் பொறித்திருக்கும். 0டபிள்யூ-20 கிடைக்காதபோது 5டபிள்யூ-30 பாவிக்கப் பல கையேடுகள் அனுமதிக்கின்றன. உங்கள் கையேட்டில் அந்த எண்ணும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேனில் ஏபிஐ என்ற குறியுடன் எஸ்என் (2010), எஸ்பி (2020) போன்ற எழுத்துகளும் இருக்கும். பெற்றோல் கார்களைப் பொறுத்தவரை பிந்திய எழுத்து முந்தியதற்கும் பொருந்தும். ஜாசோ எம்ஏ என்றிருந்தால் அது மோட்டார் சைக்கிளுக்கானது, காருக்கு வேண்டாம்.

மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் உழவு இயந்திரமும் ஓடும் சிற்றூர்க் கடையில் 0டபிள்யூ-20 இல்லாமலிருக்கலாம். அவசரத்தில் கிடைத்ததை ஊற்றாமல், ஒயில் மாற்ற ஒரு மாதமிருக்கும்போதே அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ சீல் உடைக்காத கேனை வாங்கி வீட்டில் வையுங்கள். தூரம் ஓடாவிட்டாலும் கையேடு சொல்லும் மாதக் கெடுவைத் தாண்டாதீர்கள். குறுந்தூர ஓட்டத்தில் ஒயில் விரைவில் பழுதாகும். ஒயில் அளவைக் கம்பியில் பார்ப்பவர்கள் காரை முற்றாக நிறுத்திய பின்பே பொனட்டுக்குள் கை வைக்கவும். ஹைபிரிட் எஞ்சின் தானாகவே எழும்பிவிடும்.

தப்பெண்ணமா?

இனி மார்க்க விடயத்துக்கு வருவோம். ஆதாரமின்றி ஒருவரைக் கெட்டவரென எண்ணுவதை சூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. ஆனால் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சியும் வைத்துக்கொள்ளுமாறு சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் ஏவுகிறது. எழுதிக்கொள்வது தப்பெண்ணமென்றால் இந்தக் கட்டளை வந்திருக்குமா? நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் கையை நுழைத்துப் பார்த்ததையும், உள்ளே ஈரம் இருக்கக் கண்டதையும், ஏமாற்றுபவரைக் கண்டித்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஈரம் பட்டதை மேலே வைத்திருக்க வேண்டும், வாங்குபவர் பார்க்கட்டும் என்பதே அங்கே போதிக்கப்பட்ட ஒழுக்கம்.

எனவே, சகோதரியே, "தம்பி, கேனை எனக்கு முன்னாலேயே திறவுங்கள்" என்று மரியாதையோடு கேளுங்கள். அது பாவமல்ல, உங்கள் உரிமை. மூடியின் கீழுள்ள வளையம் உடையாமலிருக்கிறதா, இறக்குமதி செய்தவரின் பெயரும் உச்ச சில்லறை விலையும் உண்டா என்று பாருங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒயில் போலியென்று கண்டால் ஊரெல்லாம் பேசித் திரியாமல், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.

அக்வாவுக்கு வடிகட்டியும் மாற்றினால் சுமார் 3.7 லீற்றர் போதும். நான்கு லீற்றர் கேனில் மிஞ்சுவது உங்களுடையது. கராஜ்காரர் அதைத் தாமாகவே உங்களிடம் தர வேண்டும். அளவில் மோசடி செய்வோரைப் பற்றி இறங்கிய சூரா அல்முதஃப்பிஃபீன் தராசுக்கு மட்டுமல்ல, ஒயில் கேனுக்கும் பொருந்தும். கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களின் வீட்டாரும் இதை வாசிப்பீர்கள். மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. வெற்றுக் கேனை முழுதாக வீசினால் யாரோ பொறுக்கி, கழிவு ஒயிலை நிரப்பி விற்க வழியாகும். துளையிட்டு, பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு எறியுங்கள். மாற்றிய பழைய ஒயிலை வளவில் ஊற்ற விடாதீர்கள். எங்கள் கரையோரம் மணல் நிலம். ஊற்றியது கிணற்றுக்குத்தான் இறங்கும், அந்தக் கிணற்றில் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தண்ணீர் குடிக்கும்.

நம் உழைப்பிலும் வியாபாரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. தூரதேசத்தில் உழைக்கும் வாப்பாமாரையும் அவர்களின் அமானிதங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.