தோளுக்கு ஆடி, காலுக்கு மார்கழி

சூரிச் வாவிக்கரையில் குளிக்கிற இடத்தைச் சுவிஸ்காரர் ‘பாடி’ என்பார்கள். நான் போகும் பாடியின் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். காலையில் காவலர் கயிற்றில் கட்டிய வெப்பமானியை மேலே இழுப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்ப்பார். பிறகு வெண்கட்டியால் இரண்டு இலக்கம் எழுதுவார்: காற்று 26, தண்ணீர் 19. சனம் இரண்டாவது இலக்கத்தைப் பார்த்துத்தான் உள்ளே போவதா, கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவதா என்று முடிவெடுக்கும்.

நான் வந்த புதிதில் முதலாவது இலக்கத்தைத்தான் பார்த்தேன்.

அது மே மாதக் கடைசி. ஆறு மாதம் கம்பளிக்குள் கிடந்த உடம்பு, ஊர் வெயில் மாதிரியே அடிக்கிற வெயில். உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவிய அண்ணை, “தம்பி, முதல்ல காலை வைச்சுப் பார்” என்றார். எங்கள் ஊர்க் கீரிமலைக் கேணியில் சுவரிலிருந்து குதித்தவனுக்கு இவர் என்ன சொல்லித் தருவது? மரமேடை நுனிவரை ஓடிப்போய்க் குதித்தேன். தலை மேலே வந்தது, மூச்சு வரவில்லை. நெஞ்சு தானாக இழுத்து இழுத்து வாங்குகிறது, விடத்தான் தெரியவில்லை. நீந்தத் தெரிந்த கையும் காலும் யாரோ ஒருவருடையவை போல அடித்துக்கொண்டன. அண்ணை குப்புறப் படுத்துக் கை நீட்டி ஏணிக்கு இழுத்தார். பலகையில் தண்ணீர் 14 என்று எழுதியிருந்ததைத் துவாயைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடிதான் வாசித்தேன்.

தண்ணீருக்குப் பருவம் உண்டென்று யாழ்ப்பாணத்தானுக்கு யார் சொல்வது? எங்கள் கிணறு வருசம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். மார்கழி விடியற்காலையில் வாளித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதும், பங்குனி மத்தியானத்தில் அதுவே குளிர்வதும் காற்று மாறுவதால் வருகிற மயக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். காற்று ஒரே நாளில் பத்துப் பாகை ஏறி இறங்கும். வாவியோ மாதக்கணக்கில் யோசித்துத்தான் அசையும். 88 சதுர கிலோமீற்றர் பரப்பு, ஆழமான இடத்தில் 136 மீற்றர். அவ்வளவு தண்ணீரைச் சுட வைக்கச் சூரியனுக்கே நாள் பிடிக்கும், சுட்டது ஆறவும் நாள் பிடிக்கும்.

மாசியில் ஐந்து பாகையளவில் கிடக்கும். மே மாதத்தில் பதின்மூன்று, பதினான்கு. யூலை, ஓகஸ்டில் இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து, சில வருசம் அதற்கும் மேல். செப்டெம்பரில் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கிவிடும், தண்ணீர் இன்னும் இருபதை ஒட்டி நிற்கும். தண்ணீர் விறைக்கிற மே மாதத்தில் பாடியைக் கொடியேற்றித் திறக்கிறார்கள். இதமாக இருக்கிற செப்டெம்பரில் பூட்டுகிறார்கள். முப்பது வருசமாக இதற்கொரு நியாயம் தேடுகிறேன்.

பலகையில் உள்ள இலக்கமும் முழு உண்மையல்ல என்பது பிறகுதான் பிடிபட்டது. யூலையில் கரையிலிருந்து நூறு மீற்றர் நீந்திப் போய், நடுவில் நிமிர்ந்து நின்று கால்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தோளுக்கு ஆடி, காலுக்கு மார்கழி. நன்னீர் நான்கு பாகையில்தான் மிகவும் பாரமாக இருக்கும். அதனால் குளிர்ந்தது அடியில் தங்கும், சூடானது பாலில் ஆடைபோல மேலே மிதக்கும். காவலரின் வெப்பமானி அளப்பது அந்த ஆடையை மட்டும். காற்று ஒரு நாள் விடாமல் ஒரே திசையில் அடித்தால் ஆடை மறுகரைக்கு ஒதுங்கிவிடும். இந்தக் கரையில் அடித்தண்ணீர் மேலே வரும். நேற்று இருபத்திமூன்றில் குளித்தவர் இன்று பளிச்சென்று அடிக்கிற வெயிலில் பதினேழில் இறங்கி அலறுவார். காற்று வருமுன் எச்சரிக்கக் கரைகளில் செம்மஞ்சள் விளக்குகள் இருக்கும். நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் பலத்த காற்று வரலாம். 90 தடவை மின்னினால் புயல், உடனே கரையேற வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, 90 கண்ணில் படபடக்கும்.

சூரிச் நகரம் குடிதண்ணீரின் பெரும்பகுதியை இந்த வாவியிலிருந்துதான் எடுக்கிறது, சுமார் 30 மீற்றர் ஆழத்திலிருந்து. அங்கே கோடை எட்டாது. ஓகஸ்ட் மாதம் குழாயைத் திறந்து குடிக்கும்போதெல்லாம், காலில் பட்ட அந்த மார்கழியைத்தான் குடிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

குளிர் வாவிக்கு எதிரி என்று நினைத்தது இன்னொரு பிழை. ஒருமுறை இலையுதிர்காலத்தில் கரையோரம் சிவப்புக் கோடுகளாகத் தண்ணீர் கிடந்தது. யாரோ சாயம் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அது ‘பர்கண்டி இரத்தப் பாசி’ என்கிற நுண்ணுயிர். 1476இல் மூர்ட்டன் ஏரிக்கரைப் போரில் விழுந்த பர்கண்டிப் படைவீரரின் இரத்தம் மிதந்து வருகிறதென்று பழைய ஆட்கள் சொன்னதால் வந்த பெயர். கோடையில் பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குக் கீழே மங்கிய வெளிச்சத்தில் அடுக்காக நிற்கும், நஞ்சும் உண்டு. உடம்புக்குள் நுண்ணிய வாயுப் பைகளை வைத்துத்தான் அது மிதக்கிறது. கடும் பனிக்காலத்தில் மேல் தண்ணீர் குளிர்ந்து பாரமாகி அடிவரை கலக்கும்போது பாசியும் ஆழத்துக்கு இழுபடும், அழுத்தத்தில் அந்தப் பைகள் நசுங்கிவிடும். பனிக்காலம் மென்மையானால் வாவி முழுதாய்க் கலப்பதில்லை, பாசி தப்பிவிடும். இந்த வாவி முழுவதும் உறைந்து சனம் அதன்மேல் நடந்து திரிந்தது கடைசியாக 1963இல். நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இனிப் பார்ப்பேன் என்ற நம்பிக்கையும் இல்லை.

அளவுக்கு மீறிய சூட்டிலும் தொல்லை உண்டு. நகரத்து ஓரத்திலுள்ள காட்சன்சே ஆழம் குறைந்த சின்ன ஏரி, சீக்கிரம் சூடாகும். இப்படிப்பட்ட ஆழமில்லாத கரைகளில் கோடை முற்றினால் ‘வாத்துத் தெள்ளு’ கடிக்கும். உண்மையில் அது தெள்ளல்ல, நத்தையிலிருந்து வாத்துக்குப் போகவேண்டிய புழுக்குஞ்சு வழிதவறி நம் தோலில் நுழைவது. சில நாள் சொறியும், அவ்வளவுதான்.

அன்று மேடையிலிருந்து குதித்தபோது எனக்கு நடந்ததற்கு ஒரு கணக்கு இருப்பதை வெகுகாலம் கழித்து அறிந்தேன். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் ஒன்று, பத்து, ஒன்று. மிகக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சை வசப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொன்னதைக் கேட்க பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். நான் முதல் நிமிடத்திலேயே தோற்றவன். இப்போது ஏணிப்படி ஒவ்வொன்றிலும் நின்று, பிடரியில் தண்ணீர் தெளித்து, மூச்சை நீட்டி விட்டுத்தான் கழுத்துவரை இறங்குகிறேன். பக்கத்தில் எண்பது தாண்டிய சுவிஸ் அம்மா ஒருத்தி படக்கென்று நழுவிப் போவாள். பன்னிரண்டு பாகையானாலும் அவள் வாயில் ‘குளிர்’ வராது. ‘ஃபிரிஷ்’ என்பாள், அதாவது புத்துணர்வாம்.

அண்ணை அன்றைக்குப் பிறகு வாவியில் கால் வைக்கவில்லை. ஆனால் இன்றும் என்னோடு வருவார். ஒக்டோபர் ஞாயிறுகளில் வாங்கிலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் சுடுதண்ணிப் போத்தலோடு இருப்பார்.

“தம்பி, இலக்கம் என்ன?”

“பதின்மூண்டு அண்ணை.”

“அப்ப நான் இப்பவே தேத்தண்ணியை ஊத்துறன்” என்று மூடியைத் திருகுவார்.