இரண்டாம் விருப்பு எங்கே போயிற்று?

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலின்போது, மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒரே வழக்குத்தான் பேசப்பட்டது. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றவர் இம்மாவட்டத்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன். அவர் சார்ந்திருந்த தமிழரசுக் கட்சியோ சஜித் பிரேமதாசாவை ஆதரித்தது. வெல்ல மாட்டாதவருக்கு இடும் வாக்கு வீண் என்றனர் ஒரு சாரார். பெருங்கட்சிக்கு இடும் வாக்கு உரிமைக் குரலை அடகு வைப்பதாகும் என்றனர் மறு சாரார். ஒருவரையொருவர் துரோகி என்று தூற்றவும் தயங்கினாரில்லை.

இவ்வழக்கே வேண்டாததன்றோ? சனாதிபதித் தேர்தற் சட்டம் வாக்காளனுக்கு 1, 2, 3 என மூன்று விருப்புகளை அளித்திருக்கின்றது. எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாவிடின், முதலிருவர் ஒழிந்த ஏனையோர் நீக்கப்படுவர். அவர்களுடைய வாக்குச்சீட்டுகளிலுள்ள அடுத்த விருப்புகள் அவ்விருவருக்கும் சேர்க்கப்படும். மேல்வயலுக்குப் பாய்ந்த நீர் வக்கடை வழியே கீழ்வயலுக்கும் இறங்குவது போன்றதே இம்முறை. சங்குக்கு 1 என இட்டவர், இருவரில் ஏற்புடையவருக்கு 2 என இட்டிருப்பின் மானமும் நின்றிருக்கும், நலனும் நாடப்பட்டிருக்கும்.

நடந்ததென்ன? இலங்கை வரலாற்றில் முதன்முறையாக அவ்வாண்டு இரண்டாம் எண்ணிக்கை நடைபெற்றது. நீக்கப்பட்ட வேட்பாளர்கள் பெற்ற வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அநுர குமார திசாநாயக்காவுக்குச் சேர்ந்தவை 105,264. சஜித்துக்குச் சேர்ந்தவை 167,867. எஞ்சிய 30 இலட்சம் சீட்டுகள் இருவரில் எவரையும் சென்றடையவில்லை. இருவருக்குமிடையே இறுதியில் நின்ற வேறுபாடோ 12 இலட்சமளவே! அரியநேத்திரன் நாடு முழுவதும் பெற்ற 226,343 வாக்குகளும் நீக்கப்பட்டவற்றுள் அடங்கும்.

இருவருமே ஒவ்வாதவர் எனின், இரண்டாம் கட்டத்தை வெறுமையாக விடுவதும் ஒரு தீர்ப்பே. அதனை மதிக்கின்றோம். ஆயின் அறிந்து விடுவது வேறு. அறியாது விடுவது வேறு.

பாராளுமன்றத் தேர்தலில் இவ்வாய்ப்பு இல்லை என்பதையும் மறத்தலாகாது. அங்குள்ள விருப்பு வாக்கு ஒரே பட்டியலிலுள்ளாருக்கே உரியது. மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து வாக்குப் பெறாத கட்சி ஆசனப் பங்கீட்டிலிருந்தே தள்ளப்படும். ஆங்கே வாக்குச் சிதறல் உண்மையான இழப்பாகும். ஐந்து ஆசனங்களே உள்ள மட்டக்களப்பு அதனை நன்கறியும்.

ஆதலின் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் விவசாயச் சங்கத்தாரும் தேர்தல் மேடை எழும்பும்வரை காத்திராது, வாக்குச்சீட்டின் பயனை ஊர்தோறும் விளக்குதல் வேண்டும். அடுத்த சனாதிபதித் தேர்தல் வருமாயின், எவருக்கு 1 என்று கேட்டு வருவோரிடம் நாமும் ஒன்று கேட்போம்: எவருக்கு 2? விடை கூற மறுப்பவர் எம் வாக்கின் பாதியைக் களவாட வந்தவரே.