கஞ்சமலை இரும்பும் காணாமப் போன உலைக்காரங்களும்

சேலம்னு சொன்னா எல்லாரும் வரிசையா சொல்றது மாம்பழம், வெள்ளிக் கொலுசு, இரும்பாலை. அந்த இரும்பாலை கஞ்சமலை அடிவாரத்துலதான் இருக்கு. 1970ல அடிக்கல் நாட்டுனாங்க, 1980களின் தொடக்கத்துல உற்பத்தி ஆரம்பிச்சுது. கஞ்சமலை இரும்பை வெட்டி அங்க உருக்குறாங்கன்னு இன்னும் பல பேர் நம்பிட்டிருக்காங்க. அங்க வர்றது எவர்சில்வர் தகடுங்க. வெளியூர்ல இருந்து எஃகுப் பாளம் கொண்டு வந்து தகடாக்கிட்டு இருந்தாங்க. பின்னாடி சொந்தமா உருக்கு உலையும் வந்துச்சு. ஆனா பக்கத்துல நிக்கற மலையோட கல்லு அந்த உலைக்குப் போகல.

அப்போ அந்த மலைக் கல்லை உருக்குனது யாரு? நம்மூரு கொல்லருங்கதான்.

கஞ்சமலைக் கல்லுல இரும்பு 35 சதவீதம் சொச்சம்தான். அதனாலதான் பெரிய கம்பெனிக்கு அது கட்டுபடியாகறதில்ல. நம்மாளுங்க கல்லை இடிச்சுப் பொடியாக்குவாங்க, ஓடையில அடிச்சு வந்த கருமணலை அரிச்சு எடுப்பாங்க. களிமண்ணுல ஆள் மட்டத்துக்கு உலை கட்டி, மரக்கரியும் கருமணலும் மாத்தி மாத்திப் போட்டு, ரெண்டு ஆட்டுத்தோல் துருத்திய விடாம ஊதுவாங்க. கடைசியில உலையோட அடிய உடைச்சா ஒரு இரும்புக் கட்டி. அதைச் சம்மட்டியால அடிச்சு அடிச்சுக் கசடை வெளியேத்தணும்.

எஃகு வேணும்னா இன்னொரு வேலை. இரும்புத் துண்டோட ஆவாரங்குச்சி, எருக்கிலை வச்சு மண் மூசைக்குள்ள அடைச்சு மூடி, மறுபடி உலையில வேக வைக்கணும். இந்த எஃகுக்குத்தான் வெள்ளைக்காரன் ஊட்ஸ்னு பேர் வச்சான். 1819ல லண்டன்ல மைக்கேல் ஃபாரடே, அதாங்க மின்சாரத்துக்குப் பேர் போன அதே ஃபாரடே, இதை வச்சு ஆராய்ச்சி பண்ணாரு.

அப்புறம் வந்தாரு ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுட்டு 1830ல பரங்கிப்பேட்டையில இரும்பு உலை ஆரம்பிச்சாரு. கல்லு நம்ம சேலத்துக் கல்லு. கடன் மேல கடன், கை மாறி கை மாறி, 1860களோட கதை முடிஞ்சுது. மனுசன் இங்கிலாந்து திரும்பி 1839ல எஃகுல மாங்கனீசு சேர்க்கறதுக்குக் காப்புரிமை வாங்குனாரு. அதை வேற ஆளுங்க சுத்தி வளைச்சுப் பயன்படுத்த, சாகற வரைக்கும் கோர்ட்டுக்கு அலைஞ்சாரு. பாவம்தான். ஆனா அவருக்காவது வரலாத்துல ஒரு பக்கம் இருக்கு. துருத்தி ஊதுனவங்க பேர் ஒண்ணுகூட இல்ல.

சீமை இரும்பு மலிவா வந்து இறங்குச்சு. 1882ல மதராஸ் வனச்சட்டம் வந்ததும் கரிக்கு மரம் வெட்டறது பெரும்பாடாச்சு. உலை அணைஞ்சுது. கொல்லருங்க இரும்பு எடுக்கறவங்களா இருந்தது போய், வாங்கி அடிக்கறவங்களா மாறிட்டாங்க. கொழுவுக்கும் அருவாளுக்கும் களத்துல தானியம் அளந்த காலமும் போச்சு. நாமக்கல் பக்கம் மிச்சமிருக்கற பட்டறையில இப்ப பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான் அருவாளாகுது. துருத்தி போய் மோட்டார் வந்தாச்சு. இரும்போட நிறத்தைப் பார்த்தே எப்ப தண்ணியில முக்கணும்னு சொல்ற கண்ணு மட்டும் இன்னும் மாறல.

2025 ஜனவரியில, தமிழ்நாட்டுல 5,300 வருசத்துக்கு முன்னயே இரும்பு இருந்துச்சுன்னு அரசு அறிவிச்சுது. சிவகளையோட சேர்த்து மேட்டூர் பக்கத்து மாங்காடு பேரும் அடிபட்டுச்சு. எல்லாரும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டோம். நல்லதுதான். ஆனா மண்ணுக்குள்ள கிடைச்ச இரும்புக்கு இருக்கற மரியாதை, மண்ணுக்கு மேல இரும்பு அடிக்கற ஆளுக்கு எங்க இருக்கு? எனக்கு இதுதான் உறுத்துது.

உடனே “திரும்பக் கரி உலைக்குப் போகச் சொல்றியா?”ன்னு கேக்காதீங்க. அந்த உலை காட்டைத் தின்னுச்சு. அந்த வெக்கையில மகனையும் நிறுத்தணும்னு எந்த அப்பனும் நினைக்க மாட்டான், நினைக்கவும் வேண்டாம். நான் கேக்கறது ரெண்டே விசயம். ஒண்ணு, வயக்காட்டுல கிடக்கற பழைய இரும்புக் கிட்டத்தை ஜேசிபி வச்சு நிரவறதுக்கு முன்னாடி, எந்த ஊர்ல எங்க கிடக்குதுன்னு ஒரு கணக்கு எடுக்கணும். ரெண்டு, சேலம் அரசு அருங்காட்சியகத்துல ஒரு பட்டறையை அப்படியே வச்சு, அதுல வேலை தெரிஞ்ச ஒரு ஆசாரியைச் சம்பளத்துக்கு உக்கார வைக்கணும். பள்ளிக்கூடப் பசங்க பார்க்கட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கற வாளு எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்லாதுங்க, ஆசாரி சொல்வாரு.

அரசு செய்யற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டியதில்ல. நம்ம எல்லார் கையிலயும் கேமரா போன் இருக்கு. உங்க ஊர்ல இன்னும் உலை எரியுதுன்னா ஒரு நாள் போய் உக்காருங்க. குறடுல எத்தனை வகை, பட்டடைக்கு அடியில என்ன மரம், இதெல்லாம் கேட்டு எழுதி வைங்க. கேட்டா சந்தோசமாச் சொல்வாங்க. சொல்றதுக்கு ஆள் இருக்கும்போதே கேட்டுக்கணும்.