காட்சிக்கும் ஸனது வேண்டும்!

தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் வாடிவாசலில் திமிலைச் சிலிர்த்துக்கொண்டு காளையொன்று பாய்ந்து வருமாயின், அது கூட்டத்தைக் கடந்து மறைவதற்குள் கோலாலம்பூரிலும் துபாயிலும் இலண்டனிலும் அதனைக் கண்டுவிடுகின்றனர். 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் விதித்த தடையும், 2017 சனவரியில் மூண்ட கிளர்ச்சியும் காட்சிகளாகவே உலகெங்கும் சென்றன. நம் ஊரை உலகம் பார்க்கிறது. உலகத்தை நம் ஊர் எதைக் கொண்டு பார்க்கிறது? இதுவே நமது கேள்வி.

கைபேசி இல்லாத கை இன்று நம் இல்லங்களில் அரிது. இஷா தொழுது முடித்து உறங்கும்வரை அதில் வந்து விழுவன யாவை? யாரோ யாரையோ அடிக்கும் காட்சி, விபத்தில் சிக்கியோரின் குருதி, பொய் மருத்துவம், எந்நாட்டிலோ எவ்வாண்டிலோ நடந்ததை நேற்று நடந்ததெனக் காட்டும் புரட்டு. வந்தவற்றைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, நற்பணி ஆற்றிய நிறைவோடு உறங்கச் செல்கிறோம். ஆனால் வீட்டுப் பிள்ளை வந்து, "அத்தா, ஈரானில் சிறுவர்களைப் பற்றி நல்ல படம் ஒன்று எடுத்திருக்கிறார்களாம், பார்ப்போமா?" என்று கேட்டுவிட்டால், அப்போது மட்டும் நமக்கு மார்க்கம் நினைவுக்கு வந்துவிடுகிறது. "படமா? ஹராம்!" என்று பேச்சை முடித்துவிடுகிறோம்.

உருவம் சமைப்போரைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் ஆதாரமானவை. அவற்றை ஓதியும் ஓதிக்கொடுத்தும் வந்தவர்கள் நாம். மறைக்கவோ குறைக்கவோ வரவில்லை. ஆயினும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றுள் இறக்கை உடைய குதிரை ஒன்று இருந்ததும், குதிரைக்கு இறக்கையா என வினவிய நாயகம் (ஸல்) அவர்கள் அன்னையின் மறுமொழி கேட்டுச் சிரித்ததும் அதே ஹதீஸ் கிதாபுகளில்தாம் பதிவாகியுள்ளன. பெருநாளன்று அபிசீனியர் மஸ்ஜிதில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை போதுமெனும் வரை நின்று அதனைக் காணச் செய்தவர்களும் நாயகமே. அயல்நாட்டார் கலையைத் தம் மனைவியார் கண்டு மகிழ்வதற்குத் துணைநின்ற நபியின் உம்மத்து அன்றோ நாம்?

எகிப்தின் முஃப்தியாக விளங்கி 1935இல் மறைந்த ஷைகு முஹம்மது பகீத் அவர்கள், புகைப்படம் என்பது படைத்தலன்று, நிழலைப் பிடித்து நிறுத்துதலே என்று வாதிட்டுத் தனி நூலே எழுதினார்கள். அதனை ஏற்காத ஆலிம் பெருமக்களும் உளர், அவர்களையும் மதிக்கிறோம். ஆனால் கருத்து வேற்றுமையுள்ள ஒரு மஸ்அலாவைக் கல்யாண வீட்டில் வீடியோ எடுக்கும்போது மறந்துவிட்டு, பிள்ளைகளின் கலையார்வத்தின் மேல் மட்டும் பிரம்பாக வீசுவது எந்த நேர்மை?

அப்பிரம்பை நாமும் வீசியிருக்கிறோம். பல்லாண்டுகளுக்கு முன், நம்மிடம் ஓத வந்த சிறுவன் ஒருவன் தன் நோட்டின் பின்பக்கத்தில் காளையொன்று வரைந்திருந்தான். வாடிவாசலில் கண்ட காளை. திமிலும் கொம்பும் கண்ணில் தெறிக்கும் வெறியும் அப்படியே இருந்தன. வகுப்பு முழுவதும் பார்க்க அத்தாளைக் கிழித்தோம். அவன் அழவில்லை. சில வாரங்களில் ஓத வருவதையே நிறுத்திவிட்டான். ஹராமிலிருந்து ஒரு பிள்ளையைக் காத்தோம் என்று அன்று எண்ணினோம். சித்திரத்தையும் ஓதலையும் ஒருசேர அவனிடமிருந்து பறித்தோம் என்பதை இன்று உணர்கிறோம்.

இனி, மறுபக்கம் நிற்போரையும் சற்றுக் கேட்போம். "கேமரா என்பதே கமரா எனும் அரபுச் சொல்தான்" என்று மேடைகளில் முழங்குவோர் நம்மில் உண்டு. அது உண்மையன்று, அறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அது. மெய்ப்பெருமை மலைபோல் இருக்கையில் பொய்ப்பெருமை எதற்கு? பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம், இருட்டறைக்குள் சிறு துளை வழியே ஒளி புகும் விதத்தை ஆராய்ந்து, பதினோராம் நூற்றாண்டிலேயே 'கிதாபுல் மனாழிர்' எழுதினார். மோசூலிலிருந்து கெய்ரோ வந்து கண் மருத்துவம் செய்த இப்னு தானியால், நிழற்கூத்துக்கென மூன்று நாடகங்கள் யாத்தார். அவற்றில் பிள்ளைகள் முன் படிக்கத் தகாதனவும் உண்டு என்பதையும் சொல்லிவிடுவோம்.

அந்நிழற்கூத்தின் உறவுக்கலை நம் மதுரைச் சீமையிலும் உண்டு. ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி, வெள்ளைத்திரையின் பின்னே விளக்கேற்றி ஆட்டும் தோற்பாவைக்கூத்தே அது. இதே முறையின் சாயலில், ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்னும் பெண்மணி கரிய அட்டையைக் கத்தரியால் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்து, ஏறக்குறைய மூன்றாண்டுகள் உழைத்து 1926இல் முழுநீளச் சித்திரப்படம் ஒன்றை முடித்தார். இன்று எஞ்சியுள்ள முழுநீளச் சித்திரப்படங்களில் அதுவே மூத்தது. வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீளப் படத்துக்குப் பதினோராண்டு முந்தியது. அதன் கதை எது தெரியுமா? நம் 'அல்ஃபு லைலா'வில் வரும் இளவரசர் அஹ்மதின் கதை! நம் வீட்டுக் கதையை ஜெர்மானியப் பெண்மணி உலகுக்குக் காட்டினார். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கண்டிருப்பர்?

1905இல் திருச்சி இரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கிறிஸ்தவ சகோதரர், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்து ஏசுநாதர் வரலாற்றுப் படத்தைக் காட்டினார். அண்டை வீட்டார் அன்றே கருவியைக் கையிலெடுத்தனர். நாம் இன்றும் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறோம். நம் முன்னோர் இப்படி இருந்ததில்லை. வண்ணப்பரிமளப் புலவர் அயல்மொழியில் வழங்கிய வினா விடைகளை 'ஆயிரம் மசலா'வாகத் தமிழில் பாடியது 1572இல். அது மதுரையிலே அரங்கேறியது என்பர். வெளியுலகில் கண்ட நல்லதைக் கொண்டுவந்து ஊருக்குக் கொடுப்பது இம்மண்ணின் முஸ்லிம்களுக்கு மரபு.

எனவே நாம் கூறுவது இதுதான். ஹதீஸ் கலையில் ஸனது இல்லாத செய்தியை ஏற்பதில்லை. தீயவன் கொணரும் செய்தியை விசாரித்துக்கொள்ளுமாறு திருமறை பணிக்கிறது. அவ்விதியைக் கைபேசிக்கும் வைப்போம். ஒரு காட்சியை அனுப்புமுன் நான்கு கேள்விகள்: ஆக்கியவர் யார்? எந்நாடு? எவ்வாண்டு? முழுவதும் பார்த்து இது நன்றென உறுதி கூறுபவர் யார்? விடையில்லையேல் நம் கையோடு அது நிற்கட்டும். இச்சல்லடையில் குப்பை தானே நின்றுவிடும்.

விடையுள்ளவற்றை மாதம் ஓர் இரவு, குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்போம். அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' (1987): தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்ட நோட்டைத் திருப்பித்தர அடுத்த ஊருக்கு ஓடும் சிறுவனின் கதை. அமானிதத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் நாம் செய்த பயான்கள் அவ்வோட்டத்துக்கு ஈடாகுமா? மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997): அண்ணனும் தங்கையும் ஒரே இணைக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளி செல்லும் கதை, 2022இல் 'அக்கா குருவி' எனத் தமிழிலும் வந்தது. ஹைஃபா அல்மன்சூரின் 'வஜ்தா' (2012): சைக்கிள் வாங்கும் ஆசையால் குர்ஆன் ஓதும் போட்டியில் சேரும் ரியாத் சிறுமியின் கதை. அந்தச் சவூதியிலேயே 2018இல் திரையரங்குகள் மீண்டும் திறந்தன என்பதையும் வாதிடுவோர் அறியட்டும். இளவரசர் அஹ்மதின் படத்தில் தவிர்க்கத்தக்க இடம் உண்டு. மூத்தோர் முன்கூட்டிப் பார்த்துவைத்தல் நலம். பார்த்து முடிந்ததும் விளக்கை ஏற்றிப் பிள்ளைகளைப் பேசச் சொல்வோம், நாம் கேட்போம்.

சகோதரர்களே! கதவை அடைப்பதால் காற்று நின்றுவிடப் போவதில்லை. கூரை ஓட்டை வழியே புழுதி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சாளரத்தைத் திறந்து, எத்திசைக் காற்று வரவேண்டும் என்பதைப் பெற்றோரே முடிவு செய்வோம். நம் தெருவில் எங்கோ ஒரு சிறுவன் இப்போதும் காளை வரைந்துகொண்டிருக்கக்கூடும். அந்தத் தாளைக் கிழிக்கும் கை இனியேனும் நம்முடையதாக இல்லாதிருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.