அறிந்தவர் பெயரில் வரும் கடிதம்

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், மணிலாவிலிருந்து கிளம்பிய ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் கணினிகளுக்குள் புகுந்தது. தலைப்பு, 'ஐ லவ் யூ'. இணைப்பாக வந்த கோப்பும் காதல் கடிதமென்றே பெயர் பூண்டிருந்தது. பெயரின் இறுதியில் நின்ற 'விபிஎஸ்' என்னும் மூன்றெழுத்துதான் அது கடிதமன்று, நிரல் என்பதைக் காட்டும். விண்டோஸோ அவ்வெழுத்துகளை இயல்பாகவே மறைத்து வைத்திருந்தது. திறந்தவர்களின் படக்கோப்புகள் அழிந்தன. அவர்களது அவுட்லுக் முகவரி ஏட்டிலிருந்த அனைவருக்கும் அதே கடிதம் சென்றது. கணினிக் குற்றங்களுக்கான சட்டம் அப்போது பிலிப்பைன்ஸில் இல்லாமையால், எழுதிய இளைஞர்மீதான வழக்கும் கைவிடப்பட்டது.

'அறியாதவர் அனுப்பியதைத் திறவாதீர்' என்னும் அறிவுரை நமக்குப் பழகிப்போனது. அக்கடிதமோ அறிந்தவர் பெயரிலேயே வந்தது. களவுபோன கணக்கிலிருந்து, 'அவசரம், உடனே பணம் அனுப்புக' என நண்பர் பெயரில் இன்று வருவதும் அதே சூழ்ச்சிதான்.

எழுத்தை நேசிக்கும் நாம் எழுத்தை எளிதில் நம்பிவிடுகிறோம். எதிர்பாராத இணைப்பு எவரிடமிருந்து வந்தாலும், தொலைபேசியில் ஒருமுறை கேட்டறிந்த பின்னரே திறப்போம். அவ்வாறு ஐயுறுதல் நட்புக்கு இழுக்கன்று. நம் முகவரி ஏட்டில் உள்ளோர்க்கு நாம் ஆற்றும் கடமை அது.