குறைந்தபட்சம் என்பது யாருடைய குறைந்தபட்சம்?

லினக்ஸ் வழங்கல்களின் மிகச்சிறிய படிமங்களை உருவாக்குவோர் தம் பணியை மொழிசாராத வெறும் பொறியியல் என்றே கருதுகின்றனர். தேவையற்றதை நீக்கினோம், எஞ்சியது அடிப்படை என்பது அவர்கள் வாதம். எஞ்சுவதோ ஆங்கிலம்.

டெபியனின் ‘ஸ்லிம்’ படிமத்தில் கையேடுகளோடு மொழிபெயர்ப்புக் கோப்புகளும் விலக்கப்படுகின்றன. விலக்கு விதி படிமத்துக்குள்ளேயே தங்கிவிடுவதால், பின்னர் நிறுவப்படும் பொதிகளின் மொழிபெயர்ப்புகளும் ஓசையின்றி உதிர்கின்றன. “வேண்டியவர் நிறுவிக்கொள்ளலாமே” என்ற மறுமொழி இங்கேயே பொய்த்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் டாக்கர் படிமத்தை ஆக்குவோர் இதை அறிந்தவர்கள். ஆக்கக் கோப்பில் குறிப்பெழுதி அவ்விதியை நீக்கவும் செய்கின்றனர். நீக்கிய கையோடு அவர்கள் உருவாக்குவது அமெரிக்க ஆங்கிலத்துக்கான லோகேல் ஒன்றை மட்டுமே.

விளைவு சிறிதன்று. மலை, மழை, மறை, மனை என்பது தமிழ் அகரவரிசை. யூனிகோடு குறியெண்ணை மட்டும் அறிந்த படிமம் இதையே மனை, மறை, மலை, மழை என அடுக்கும். கடைசியில் நிற்க வேண்டிய சொல் முதலில் வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வாராது. அகராதியோ மாணவர் பெயர்ப்பட்டியலோ அப்படியே அச்சேறிவிடலாம்.

பாதுகாப்புக்காகவே குறைக்கிறோம் என்பர். தொகுப்பியையும் ஷெல்லையும் நீக்குவதற்கு அந்த நியாயம் பொருந்தும். அகரவரிசை அட்டவணை இயங்கும் நிரல் அன்று, தரவு. அதை நீக்குவதால் மிச்சமாவது இடம். அந்த இடத்துக்கான விலையை ஆங்கிலம் பேசுவோர் செலுத்துவதில்லை.

மொழியியலில் குறியற்ற வடிவம் என்றொரு கருத்துண்டு: இயல்பானது என ஏற்கப்பட்டதால் தனி அடையாளம் தேவைப்படாத வடிவம். லினக்ஸில் ‘சி’ என்னும் லோகேல் அத்தகையது. எம்மொழிக்கும் உரியதன்று என்ற தோற்றத்தோடு ஆங்கிலத்திலேயே செய்தி சொல்கிறது.

ஆல்பைனின் சி நூலகமான மஸ்ல், குறியெண் வரிசையன்றி வேறு வரிசை அறியாது. ஐசியூ நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், 2022-இல் வெளிவந்த 3.16 பதிப்பிலேயே அதன் தரவை இரண்டாகப் பிரித்துவிட்டனர்: ஆங்கிலத்துக்கு மட்டும் 2.6 எம்.பி., முழுமையானது 29 எம்.பி. நூலகத்தோடு தானாக வருவது முன்னதே. ஆனாலும் அப்பொதியின் பெயரில் ஆங்கிலத்தைச் சுட்டும் ‘இஎன்’ என்ற ஒட்டு வெளிப்படையாக இருக்கிறது. அந்த நேர்மையையேனும் மற்ற வழங்கல்கள் தம் படிமப் பெயர்களில் காட்டட்டும்.